ஐம்பது நிமிடத்தில் ஒரு முகம்

புவனேஸ்வரியின் முகம் வியர்க்கவில்லை.

முதலில் மரியசெல்விக்கு அது பெரிய வரமாகத்தான் பட்டது. குஜிலியம்பாறையைத் தாண்டி நாலு கிலோமீட்டர், சித்திரை மாதத்து மதியம் இரண்டரை மணி, ஊரில் கரண்ட் இல்லை, ஜன்னல் கதவுகளை யாரோ வெளியிலிருந்து கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவளுடைய சுடிதார் முதுகோடு ஒட்டிக் கிடந்தது, நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை கண்ணைக் கரித்தது. எதிரே உட்கார்ந்திருந்த மணப்பெண்ணின் மேலுதட்டிலோ ஒரு துளி ஈரம் இல்லை.

மரியசெல்வி திண்டுக்கல்லில் ரூபி அக்காவிடம் எட்டு மாதம் மேக்கப் படித்தவள். கை சுத்தம்தான், ஆனால் ஆமை. போன மாதம் ரூபி அக்காவோடு போன செம்பட்டிக் கல்யாணத்தில் மூன்று மணி நேரம் இழுத்து, கடைசியில் ஒரு கண்ணுக்கு மட்டும் பொய் இமைமுடி ஒட்டிப் பெண்ணை மணவறைக்கு அனுப்பினாள். சொந்தக்காரர்கள் அவளை வாயில் போட்டு மென்றார்கள்.

"தனியா விடுற மொத ஆர்டர் இது. ஒரு மணி நேரத்துல முடிக்கல, பேசாம ஜவுளிக்கடைக்கே சேலை மடிக்கப் போயிரு," என்று ரூபி அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அந்தக் கடையில் நாள் முழுக்க நின்று நின்று கால் நரம்பு சுருண்டது மரியசெல்விக்கு இன்னும் வலித்தது. அங்கே மட்டும் திரும்பிப் போகக் கூடாது. செல்போனில் அறுபது நிமிடம் வைத்து, பெண்ணின் காலருகே சாய்த்து வைத்தாள்.

கல்யாண வீடு என்று சொல்ல வாசலில் ஒரு பந்தல் இருந்தது. வாழை மரம் இல்லை, மைக் செட் இல்லை. பந்தலுக்கடியில் பத்துப் பதினைந்து பெண்கள் பேச்சில்லாமல் உட்கார்ந்து, பெட்டியோடு வந்தவளைக் களவாட வந்தவளைப் போலப் பார்த்தார்கள். பெண்ணின் அம்மா அய்யம்மாள் ஒரு வாய் தண்ணீர் வேணுமா என்றுகூடக் கேட்கவில்லை.

"முகத்தை மட்டும் பாரு. வேற எதையும் பாக்காத," என்று இந்த அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

அறையில் ஒரு கட்டில், இரண்டு நாற்காலி, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்த சட்டம் போட்ட கண்ணாடி ஒன்று. வெளிச்சத்துக்குக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு. உள்ளே இன்னோர் அறைக்குப் போகும் கதவு. அதன் அடியிலிருந்து தண்ணீர் ஊற்றிய மண்ணின் வாசனையும், மாலையில் கிடந்து வாடிய மல்லிகையின் வாசனையும் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தன.

மரியசெல்வி ப்ரஷ்ஷை எடுத்தாள். ப்ரஷ் பக்கத்தில் வந்தால் எல்லாரும் செய்வதுபோலவே புவனேஸ்வரியும் மோவாயைச் சற்று நிமிர்த்தினாள். தோல் குடத்துத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது. கிரீம் வழியவில்லை, திட்டுத் திட்டாகவில்லை, வைத்த இடத்தில் நின்றது. கண்ணின் உள்விளிம்பில் மை இழுத்தால் யாருக்கும் கண் நிறையும், சிமிட்டும், கலைந்ததைத் துடைத்துத் துடைத்தே அவளுக்குக் கால்மணி நேரம் போகும். இவள் சிமிட்டவே இல்லை. மை ஒரே இழுப்பில் இறங்கியது. முப்பத்திரண்டாவது நிமிடத்தில் இரண்டு கண்ணுக்கும் இமைமுடி ஒட்டி முடித்தாயிற்று. மரியசெல்விக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நானும் ஆர்டிஸ்ட்தான் என்று கை பறந்தது.

"அக்கா."

மரியசெல்வி பெண்ணின் உதட்டில் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். அந்த உதடு அசையவில்லை.

"அக்கா, செத்த மெதுவாப் போடுங்களேன்."

"ஏன்ம்மா?"

"நீங்க முடிச்சாத்தான் அந்த உள்கதவைத் தெறப்பாக. முடிச்சிராதீங்கக்கா. எனக்கு அவரைப் பிடிக்கல."

பிடிக்காத கல்யாணம். பாவம். மரியசெல்வியின் கண் செல்போன் பக்கம் போனது. இன்னும் பதினாலு நிமிடம்.

"எல்லாப் பொண்ணுகளும் இப்படித்தான் பயப்படும்," என்றாள். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது. கை மட்டும் நிற்கவில்லை.

வெளியிலிருந்து கதவில் ஓங்கி ஓர் அடி. "ஆச்சாம்மா?"

"ஆச்சு, ஆச்சு!"

மிச்சம் திருஷ்டிப் பொட்டு. கன்னத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. அதை வைத்தால்தான் வேலை முடிந்தது என்று கணக்கு.

"பொட்டு மட்டும் வைக்காதீங்க. கும்பிட்டுக் கேக்குறேன்."

வைத்தாள்.

நிமிர்ந்திருந்த மோவாய் மெல்லத் தாழ்ந்தது. நாற்பத்தெட்டாவது நிமிடம்.

முடித்ததும் கண்ணாடி காட்டுவது வழக்கம். முகத்தைப் பார்த்தால் பெண் தெளிந்துவிடும் என்று ஓடிப்போய்ச் சட்டத்தைத் திருப்பினாள்.

முகம் பார்க்கும் கண்ணாடி இல்லை. போட்டோ.

புவனேஸ்வரியின் முகம். நெற்றிக்கு மேலே கண்ணாடியில் காய்ந்துபோன சந்தனம், குங்குமம். கீழே இரண்டு தேதிகள். தோற்றம். மறைவு.

மறைவு, போன வருஷம் இதே நாள்.

மரியசெல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அறையில் மூச்சுச் சத்தமே நின்றுபோனது. இத்தனை நேரமும் அங்கே கேட்டது ஒரே ஒரு மூச்சு. அவளுடையது.

கதவு திறந்தது. அய்யம்மாள் உள்ளே வந்து மகளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். முதல்தடவையாகச் சிரித்தாள்.

"அம்பது நிமிசம்கூட ஆகல. இம்புட்டு வேகமான கையா! முன்னாடி வந்தவளுக எல்லாம் பாதியிலயே எந்திரிச்சு ஓடிட்டாளுக."

"நான் போறேம்மா. பஸ்ஸு..."

"மாப்பிள்ளைக்கும் போட்டுரு."

வெளியே பெண்கள் குலவையிட்டார்கள். பந்தலடியில் கேட்ட சத்தம் நிலைப்படிக்கு வந்தது. பிறகு அறைக்கதவுக்கு. வழி முழுக்க அவர்கள்தான்.

அய்யம்மாள் உள்கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள். ஈரமண் வாசனை முகத்தில் அடித்தது. செல்போனை எடுத்து, மறுபடி அறுபதிலிருந்து ஓடவிட்டாள்.

"போ. பொழுது சாயறதுக்குள்ள முடிக்கணும்."

பின்னாலிருந்து கைகள் தள்ளின. குளிர்ந்த கைகள்.

உள்ளே நாற்காலி. பட்டு வேட்டி. வாடிய மாலை. பட்டன் போட்ட காலர். காலருக்கு மேலே ஈரமண் மெழுகியதுபோல வழவழப்பு. கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இல்லை.

மரியசெல்வியின் கையில் ப்ரஷ் இருந்தது. யாரோ அவள் மணிக்கட்டைப் பிடித்து முன்னால் நீட்டினார்கள்.

ப்ரஷ் பக்கத்தில் வந்ததும், எல்லாரும் செய்வதுபோலவே, அது மோவாய் இருக்கவேண்டிய இடத்தைச் சற்று நிமிர்த்தியது.