அடியில் படிந்த வெள்ளை

மாலதி தரையில் கிடந்தாள்.

மூடிய கண்கள்... துவண்ட கை... பக்கத்தில் காலி கிளாஸ்.

இசக்கிராஜ் மனைவியைக் காலால் நெம்பினான். அசைவில்லை.

தாராவியின் இந்த ரூம் அவள் பேரில் இருந்தது. இடித்துக் கட்டினால் ஃப்ளாட்டும் அவளுக்குத்தான். எழுதிக் கொடு என்று கேட்டதற்கு, செம்பூர் காலேஜில் கெமிஸ்ட்ரி நடத்துகிற திமிரில் சிரித்தாள்.

இனி சிரிக்க மாட்டாள்.

நயினாருக்குப் போன் போட்டான். குர்லாவில் மூடிப்போன லேப்களின் சாமான்களை எடைக்கு வாங்கி விற்பவன். பவுடர் கொடுத்தவனும் அவன்தான்.

"அண்ணாச்சி... காம் கதம். கதை முடிஞ்சுது."

"எ... எதுல கலந்த?"

"எலுமிச்சம்பழ ஜூஸ்ல. அந்தக் கசப்பை வேற எது மறைக்கும்? போன ஞாயித்துக்கிழமை குடிச்சிட்டுப் பகல் பூரா தூங்குனா... எந்திச்சிட்டா. இன்னைக்கி டபுள்."

"நெசமாவே செத்துட்டாளா?"

"மூச்சையே காணும். ஓம்ம குரல் என்னவே நடுங்குது?"

போனில் ஒரு பெண் குரல் குறுக்கிட்டது.

"பக்கத்துல போலீஸ் நின்னா நடுங்கத்தானே செய்யும்? இன்ஸ்பெக்டர் ஷாலினி. வாசல்லதான் நிக்கிறேன். கதவைத் திற."

இசக்கிராஜ் போனைக் கட் செய்துவிட்டுக் கதவைப் பார்த்தான்.

"திறங்க." முதுகுக்குப் பின்னால் இன்னொரு குரல். "இல்ல, அதுக்கும் நான்தான் எந்திக்கணுமா?"

திரும்பினான்.

மாலதி உட்கார்ந்திருந்தாள்!

"நீ... குடிக்கலையா?"

"போன வாரம் குடிச்சேன். கிளாஸ் அடியில வெள்ளையா படிஞ்சிருந்துச்சு. போலீஸ்ல கொடுத்தேன். ஹெக்ஸோபார்பிட்டல்... இப்ப யாரும் தொடாத பழைய மயக்க மருந்து. பழைய லேப் சரக்குன்னு தெரிஞ்சதும் போலீஸ் நயினாரைப் பிடிச்சுட்டாங்க."

"அது தண்ணியில கரையும்னு நயினார் சொன்னானே..."

"கரையும். சோடியம் உப்பா இருக்கிற வரைக்கும். புளிப்பு பட்டா உப்பு உடைஞ்சு, கரையாத ஆசிடா மாறி அடியில உக்காந்துரும். மேலாப்புல இருந்ததைத்தான் நான் குடிச்சேன். இன்னைக்கி நீ கொடுத்தது பாட்டில்ல பத்திரமா இருக்கு."

"வீட்லயும் பாடம் நடத்துதியாட்டி?" ஓங்கிய கையோடு பாய்ந்தான்.

வெளியிலிருந்து விழுந்த உதையில் கதவு படீரென்று திறந்தது. ஷாலினி அவன் கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினாள். வாசலில் நயினார் விலங்கோடு தலைகுனிந்து நின்றான்.

மாலதி கணவனை நெருங்கினாள்.

"செத்தவளைக் காலால நெம்பினே பாரு... அது போதும் எனக்கு."

"எனக்கு வக்கீல் வேணும்," என்று முனகினான் இசக்கிராஜ்.

"தாராளமா வச்சுக்கோ," என்றாள் ஷாலினி, விலங்கைப் பூட்டிக்கொண்டே. "பன்னெண்டாவதுல கெமிஸ்ட்ரி பாஸ் பண்ணின ஆளா பாரு."