லொக்குக்குள் போட்ட முடிச்சு

படகைக் கயிற்றால் கட்டியது சீமோன்தான். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே கட்டினார்.

ஆறும் பழைய கால்வாயும் சந்திக்கும் இடத்தில் அந்த லொக் இருந்தது. முன்னும் பின்னும் மரக்கதவு போட்ட கல்தொட்டி. தண்ணீரை வடித்துப் படகைக் கீழே இறக்குவார்கள். "கட்டாதே, கரைத் தூணில் கயிற்றைச் சுற்றிப் பிடி" என்று காவலாளி படித்துப் படித்துச் சொன்னான்.

"பேசாலையானுக்கு உவன் கயிறு படிப்பிக்கிறான்," என்று மனைவி வேரோனிக்காவிடம் சிரித்தபடி சொல்லி, சீமோன் இரட்டை முடிச்சுப் போட்டார். மீன்பிடி ஊரான பேசாலையில் அவர் ஐஸ் விற்றவர். நீந்தத் தெரியாது. அது இப்போது குடியிருக்கும் ஸ்காபரோவில் ஒருவருக்கும் தெரியாது.

தண்ணீர் இறங்கியது. படகு இறங்கவில்லை.

கயிற்றில் தொங்கி ஒருபக்கம் சரிந்தது. சோற்றுச் சட்டி போயிற்று. பிறகு ஆறு வயது மகள் நதீஷா போனாள். வேர்க்குது என்று அவளது மிதவைச் சட்டையைக் கழற்றிவிட்டவரும் சீமோன்தான்.

கறுத்த தண்ணீர் மூடிக்கொண்டது. பாசி மணத்தது.

குமிழிகள் நின்றன.

நேர்த்திக்கடன் வைத்தால் புனிதரின் பெயரைச் சொல்லித்தான் வைக்கவேண்டும். சீமோனுக்கு ஒரு பெயரும் வரவில்லை. "ஆராயிருந்தாலும் கேள்! பிள்ளையை விடு, என்னை எடு!" என்று தண்ணீரைப் பார்த்துக் கத்தினார்.

நதீஷா எழும்பி வந்தாள். நீந்தி அல்ல. யாரோ கீழிருந்து ஏந்திக் கொடுப்பதுபோல், நிமிர்ந்தபடி.

காவலாளி கோடரியால் கயிற்றை வெட்டினான். வெட்டுண்ட துண்டு மிதக்கவில்லை. யாரோ வெடுக்கென்று இழுத்ததுபோல் கீழே போனது.

மூன்றாம் நாள் காலை, ஒன்பதாம் மாடி அப்பார்ட்மெண்டில், சீமோனின் கணுக்காலைச் சுற்றி, கயிறு இறுக்கியதுபோல் ஈரத் தடம்.

"சொக்ஸ் இறுக்கியிருக்கும்," என்றாள் வேரோனிக்கா, காலைப் பார்க்காமலே.

"பெயர் சொல்லாத நேர்த்தி செல்லுமோ, ஃபாதர்?" என்று சீமோன் தேவாலயத்துக்குப் போய்க் கேட்டார். ஃபாதர் தோளில் தட்டிச் சிரித்தார். சீமோனும் சிரித்து வைத்தார்.

அன்று பின்னேரம் தடம் முழங்காலுக்கு ஏறியிருந்தது. பாசி மணத்தது.

நதீஷா கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். சீமோன் பக்கத்தில் குந்தினார்.

"ஆர் பிள்ளை உன்னைத் தூக்கிவிட்டது?"

"தண்ணிக் கதவுக்குக் கீழ இருக்கிற அங்கிள்."

"அவரிட்டைச் சொல்லுவியோ... அப்பா பயத்தில கத்தினது எண்டு?"

"சொன்னனான் அப்பா." அவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவிழ்க்கேலாதாம். நீங்கள் நல்லா இறுக்கிக் கட்டிட்டியளாம்."