பட்டறை சேனல்

டிரில் முனை ஆம்புலன்ஸின் கூரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கியபோது மணி பகல் இரண்டு ஐந்து.

"இன்னும் எவ்வளவு நேரம் மாமா?" என்று வண்டியை ஓட்டப்போகிறவள் கீழேயிருந்து கேட்டாள்.

"நாப்பது நிமிஷம்."

"முப்பதுல முடிங்க."

ஷெட்டின் தகரக் கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணுக்கு விடியற்காலையிலிருந்து வலி. குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி போனில் சொல்லிவிட்டு அழுதிருக்கிறாள். மற்ற வண்டிகள் எல்லாம் வெளியே போயிருந்தன. மிச்சமிருந்தது நேற்று வந்து இறங்கிய இந்தப் புது வண்டி ஒன்றுதான். எண் ஒன்பது. இருக்கைகளில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. ரேடியோ பொருத்திச் சோதித்துப் பதிவேட்டில் ஏற்றாமல் எந்த வண்டியும் மலை ஏறக் கூடாது. அது எட்டு மாதத்துக்கு முன் வந்த உத்தரவு.

அந்த உத்தரவு என் தம்பியால் வந்தது.

சின்னவன் ஓட்டியது வண்டி எண் ஏழு. இதே மாதிரி மழையில் மலைச் சாலையின் மூன்றாவது வளைவில் மண் சரிந்து, வண்டியோடு அவனைப் பள்ளத்துக்குக் கொண்டுபோனது. மூன்று மணி நேரம் யாருக்கும் தெரியாது. கன்ட்ரோல் அறைக்கு ஒரு அழைப்புகூட வரவில்லை. வண்டியைத் தூக்கியபோது ஆண்டெனா கேபிள், ரேடியோவில் செருகும் பின்னிலிருந்து பிடுங்கிக்கொண்டு தனியாகத் தொங்கியது. அந்த ரேடியோ செட்டைப் பொருத்தியவன் நான். விசாரணையில் நானே எழுந்து நின்று சொன்னேன்: "பின்னை ஈயம் வெச்சு சரியா பத்தவெக்கல. என் தப்புதான்."

யாரும் என்னைத் திட்டவில்லை. தோளைத் தட்டினார்கள்.

இவள் மட்டும் தட்டவில்லை. இவள் அவன் மனைவி. அவன் வேலையையே கேட்டு வாங்கிக்கொண்டு, அவன் ஓட்டிய சாலையிலேயே ஓட்டுகிறாள். எட்டு மாதமாக என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. இன்று மதியம் பட்டறை வாசலில் மழைக்கோட்டோடு வந்து நின்றாள்.

"நீங்கதான் மாட்டணும்."

"வேற ஆளு இருக்காங்களேம்மா."

"இருக்காங்க. ஆனா தப்பு பண்ணினவரு நீங்க. அந்தப் பின்னை உங்களைவிட பயந்து பாக்கிறவங்க யாரும் இருக்க மாட்டாங்க."

டிரில்லை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

துளையின் விளிம்பை அரத்தால் தேய்த்தேன். ரப்பர் வளையம் போட்டு ஆண்டெனாவின் அடிக்கட்டையை இறுக்கினேன். கேபிளைக் கூரை உறைக்குள் இழுத்து, பக்கத் தூண் வழியாக டாஷ்போர்டுக்கு இறக்கினேன். சால்டரிங் இரும்பு சூடேறியதும் பின்னைப் பற்றவைத்தேன். ஈயம் பளபளவென்று ஓடி நின்றது. இழுத்துப் பார்த்தேன். மறுபடியும் இழுத்தேன். மூன்றாவது முறை இழுத்தபோது அவள் சொன்னாள்.

"பிஞ்சிடப் போகுது மாமா."

எட்டு மாதத்தில் அவள் குரலில் முதல் தடவையாக ஒரு துளி சிரிப்பு.

"ஸ்ட்ரெச்சர் எடுத்துட்டு வந்துடறேன்" என்று அவள் ஷெட்டைவிட்டு மழையில் இறங்கி ஓடினாள்.

அடுத்தது செட். முன்பே என் மேஜையில் வைத்துச் சேனல்களை ஏற்றியிருந்தேன். கன்ட்ரோல், மருத்துவமனை, தீயணைப்பு. வழக்கமாக நான்காவதாக ஒன்று ஏற்றுவேன், பட்டறை சேனல். புது செட்டைச் சோதிப்பதற்கென்று ஒதுக்கியது. அதில் பேசினால் என் மேஜையிலிருக்கும் செட்டில் மட்டும்தான் கேட்கும். இந்த வண்டிக்கு அதை ஏற்றவில்லை. வேண்டுமென்றேதான் விட்டேன்.

டாஷ்போர்டுக்குக் கீழே தாங்கியை முடுக்கி, செட்டை அதில் நுழைத்தேன். பேட்டரியிலிருந்து வரும் சிவப்பு வயரில் இன்னும் ஃப்யூஸ் போடவில்லை. அது என் சட்டைப் பையில் இருந்தது. திரை கறுப்பாக இருந்தது. வண்டியின் சாவி அவளிடம்.

ஈர மண் வாசனை வந்தது.

மழை பெய்தால் மண் வாசனை வரத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஷெட்டின் தரை சிமெண்ட். இது ஆழத்தில் வெட்டினால் வருகிற வாசனை. வேரும் கல்லும் சேர்ந்த வாசனை. அது ஸ்பீக்கரின் ஓட்டைகளிலிருந்து வந்தது.

பிறகு இரைச்சல். அதற்குப் பின்னால் டக், டக் என்று வைப்பர் அடிக்கும் சத்தம்.

இந்த வண்டியின் வைப்பர் அசையவில்லை.

"அண்ணே."

என் கை திருப்புளியோடு அப்படியே நின்றது.

"ஏழு பேசறேன். இருக்கியாண்ணே? ஒரு நிமிஷம் கேளு..."

அவ்வளவுதான். கத்தரித்த மாதிரி நின்றுவிட்டது. பாதி மூச்சில், அடுத்த சொல்லுக்கு வாய் திறந்திருக்கும்போதே.

சட்டைப் பையைத் தொட்டேன். ஃப்யூஸ் அங்கேதான் இருந்தது.

"ஏன் மாமா இப்படி வேர்க்குது?" ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்தபடி அவள் பின்கதவில் நின்றிருந்தாள்.

"புழுக்கமா இருக்கு."

"மழையிலயா?"

"நீ இன்னிக்குப் போக வேண்டாம்மா."

ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு செத்துப்போகட்டுமா?"

நான் ஃப்யூஸைப் போட்டேன். திரை பச்சையாக எரிந்தது. மீட்டரைக் கேபிளுக்கு நடுவே மாட்டி மைக்கை அழுத்தினேன். முள் ஒழுங்காக நின்றது. கொடுத்த சக்தி முழுக்க ஆண்டெனா வழியாக வெளியே போகிறது என்று பொருள். மைக்கை அவளிடம் கொடுத்தேன்.

"கன்ட்ரோல், ஒன்பது. சோதனை. எப்படிக் கேக்குது?"

கன்ட்ரோல் அறையிலிருப்பவரை மைக்செட் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ரகசியம் பேசினால்கூடத் தெருக்கோடி வரை கேட்கும். "பக்கத்துல உக்காந்து காதுல பேசற மாதிரி இருக்கும்மா" என்று ஸ்பீக்கர் அதிர்ந்தது. "யாரு மாட்டினது?"

அவள் ஒரு நொடி தயங்கினாள். "எங்க மாமா."

இரண்டு முப்பத்தெட்டுக்கு வண்டி ஒன்பது மழைக்குள் போனது.

நான் பட்டறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். மேஜையில் என் செட். அதற்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்துக் கன்ட்ரோல் சேனலில் போட்டேன். அதில் அவள் குரல் வந்துகொண்டிருந்தது. அடிவாரம் தாண்டிட்டேன். முதல் வளைவு. சாலையில தண்ணி, ஆனா போகலாம். மைக்செட் ஒவ்வொன்றுக்கும் "சரிம்மா, மெதுவா" என்றார். அவரிடம் எல்லா ஓட்டுநர்களுக்கும் அதே இரண்டு சொல்தான்.

ரெண்டாவது வளைவு.

"சரிம்மா, மெதுவா."

என் மேஜை செட் பட்டறை சேனலில் இருந்தது. அந்த சேனலில் பேச, சோதனைக்கென்று இன்று வேறு எந்த வண்டியும் இல்லை.

வைப்பர் சத்தம் கேட்டது.

டக். டக்.

"அண்ணே. ஏழு பேசறேன். இருக்கியாண்ணே? ஒரு நிமிஷம் கேளு..."

நின்றது.

மைக்கைப் பறித்தேன். "சொல்லுடா. இருக்கேன். கேக்கறேன், சொல்லு."

இரைச்சல்.

"சின்னவனே, சொல்லுடா. இங்கேதான் இருக்கேன்."

ஒன்றுமில்லை. வைப்பர் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. வால்யூமைக் கடைசிவரை திருகினேன். அந்தச் சிறு அறை முழுக்க மழை இரைந்தது. அந்த மழைக்குள் ஒரு மனிதன் மூச்சுவிடுவது கேட்டது. ஆனால் பேச்சு இல்லை. யாரோ தொடர்ந்து பேசுகிறார்கள், எனக்குத்தான் கேட்கவில்லை என்பதுபோல ஒரு இடைவெளி. அது எவ்வளவு நேரம் நீண்டது என்று சொல்லத் தெரியவில்லை.

பக்கத்து செட்டில் மைக்செட் கூப்பிட்டார். "ஒன்பது, எங்கிருக்க?"

பதில் இல்லை.

"ஒன்பது, கன்ட்ரோல்."

பதில் இல்லை.

அந்தப் பெரிய குரல் இறங்கிவிட்டது. "ஒன்பது. அம்மா. பேசும்மா."

நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பின்னை மூன்று முறை இழுத்துப் பார்த்தேனே, ஃப்யூஸ் சரியாக உட்கார்ந்ததே, தாங்கியின் திருகு, கேபிளின் மடிப்பு என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் தடவிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சரியாக இருப்பது போதாது என்பது என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்?

நான்கு நிமிடம்.

"கன்ட்ரோல், ஒன்பது." குரல் நடுங்கியது. "நின்னுட்டேன். மூணாவது வளைவுக்கு இந்தப் பக்கம். சாலை இல்ல. என் கண்ணு முன்னாடியே எறங்கிப்போச்சு. இன்னும் எறங்கிட்டிருக்கு."

மைக்செட் அழுதுவிட்டார். மைக்கை அழுத்திக்கொண்டே அழுததால் எல்லா வண்டிகளிலும் கேட்டது.

மீட்புப் படையினர் அந்தப் பக்கத்திலிருந்து கர்ப்பிணியைத் தூக்கிக்கொண்டு, சரிந்த மண்ணுக்கு மேலே காட்டுப் பாதையில் சுற்றி வந்தார்கள். தம்பி மனைவி அங்கேயே காத்திருந்து ஏற்றிக்கொண்டாள். ஐந்து மணிக்கு மருத்துவமனை. ஆறு மணிக்குள் தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

ஆறரைக்கு வண்டியை நிறுத்திவிட்டு அவள் பட்டறைக்கு வந்தாள். முழங்கால்வரை சேறு. மழைக்கோட்டைக் கழற்றாமலே ஸ்டூலில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், கையில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை.

"மாமா, நான் சொல்றத பைத்தியம்னு நினைக்காதீங்க."

"சொல்லும்மா."

"அவரு பேசினாரு."

நான் பட்டறைக் கதவைச் சாத்தினேன்.

"திரையில சேனல் நம்பரே இல்ல. வெறும் கோடு. மூணாவது வளைவுல மண்ணு வருது, பின்னாடி எடுக்க முடியலன்னு சொன்னாரு. மிதிச்சேன் பாருங்க பிரேக்க. வண்டி நின்னு மூச்சு விடறதுக்குள்ள கண்ணு முன்னால ரோடு போச்சு." டம்ளரை மேஜையில் வைத்தாள். "இன்னிக்குப் பேசினது இல்ல மாமா அது. அன்னிக்குப் பேசினது. உங்களைக் கூப்பிட்டுத்தான் பேசினாரு."

"எனக்கும் கேட்டுச்சும்மா. கொஞ்சம்."

"கடைசிவரைக்கும்?"

"இல்ல. ஒரு நிமிஷம் கேளுங்கிற வரைக்கும்தான்."

"எனக்குக் கடைசிவரைக்கும் கேட்டுச்சு. மண்ணு வருதுன்னு சொன்னதுக்கப்புறம் உங்களுக்குன்னு ஒண்ணு சொன்னாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அத நான் சொல்ல மாட்டேன். அது அண்ணனுக்குத் தம்பி சொன்னது. குறுக்க நான் வரக் கூடாது. எனக்கே கேட்டுதுன்னா உங்களுக்குக் கேக்காம இருக்காது."

பிறகு அவள் செய்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து வந்து, ஈயச் சூடு பட்டுக் கறுத்த என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அவரு குரல் வெளிய வந்திருக்கு மாமா. நீங்க பத்தவெச்சது அன்னிக்கு விட்டுப்போகல. வண்டி உருண்டப்பதான் கேபிள் பிஞ்சிருக்கு. உங்க மேல தப்பே இல்ல. ஒரு தப்பும் பண்ணாம, பண்ணினேன்னு ஏத்துக்கிட்டு நின்னீங்களே, ஏன் மாமா? எட்டு மாசமா உங்களச் சபிச்சேன். சாப்பிடும்போதுகூடச் சபிச்சேன். என்னை மன்னிச்சிடுங்க."

அவள் அழுத ஈரம் என் புறங்கையில் விழுந்தது. சொல்லிவிடு என்று உள்ளே ஒருவன் கத்தினான். நான் அவள் தலையில் கை வைத்து, "பரவால்லம்மா" என்றேன்.

அவள் போன பிறகு மேஜை செட்டின் மின்வயரைப் பிடுங்கிவிட்டேன். அதனால் எதுவும் மாறவில்லை. மழை பிடித்தால் வைப்பர் சத்தம் வருகிறது. மண் வாசனை வருகிறது. அவன் என்னைக் கூப்பிடுகிறான். "ஒரு நிமிஷம் கேளு" என்பதோடு நின்றுபோகிறான். நான் இருக்கேன்டா, சொல்லுடா என்று எவ்வளவு கெஞ்சினாலும் அடுத்த சொல் எனக்கு வருவதில்லை.

ஏன் அங்கேயே நிற்கிறது என்று எனக்குத் தெரியும்.

எட்டு மாதத்துக்கு முன், வண்டி ஏழு சரிந்த அன்று காலை, ஷெட்டில் பத்துப் பேருக்கு முன்னால் சின்னவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "எங்க அண்ணனுக்குக் காது மந்தமாயிடுச்சுப்பா, செட்டெல்லாம் இப்ப குத்துமதிப்பாத்தான் மாட்டறாரு." எல்லோரும் சிரித்தார்கள். மதியம் கன்ட்ரோல் சேனலில் எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும். அவனால் அதில் நுழைய முடியாமல் போயிருக்கும். அவன் பட்டறை சேனலுக்கு வந்தான்.

குரல் தெளிவாக வந்தது. என் வேலையில் ஒரு பிசிறும் இல்லை. சமாதானம் பேசக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். காதுதான் மந்தமாச்சே, கேட்காமலே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"ஒரு நிமிஷம் கேளு" என்று அவன் சொன்ன அந்த இடத்தில்தான் நான் வால்யூமைக் குறைத்தேன்.