கூப்பிடு தூரத்துச் சாட்சி

விஜயதசமி காலையில் மருதவாணனின் மடிக்கணினி மறுபடியும் கண்ணைத் திறந்து, அதே இரண்டு சொற்களைக் காட்டிவிட்டு இருண்டது.

'சாட்சி இல்லை.'

சார்ஜரைப் பிடுங்கிப் பார்த்தான். மாட்டிப் பார்த்தான். பவர் பட்டனை விரல் வலிக்கும்வரை அழுத்திப் பிடித்தான். பழைய இயங்குதளம் இருந்த பென்டிரைவைச் செருகி, அதிலிருந்தாவது எழுப்ப முடியுமா என்று முயன்றான். நேற்றுப் போட்ட புதுசு பழசை உள்ளே விடவே இல்லை. பத்து மணிக்கு நீதிமன்றம். தாயோடு மெல்போர்னில் இருக்கும் அவனுடைய எட்டு வயது மகள் இதழினி இனி வருடத்துக்கு ஒருமுறையாவது அப்பாவிடம் வந்து இருக்கலாமா கூடாதா என்று, அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு நீதிபதி இன்றைக்கு முடிவு செய்யப் போகிறார். இவன் திரையில் வராவிட்டால் அக்கறையில்லாத தகப்பன் என்று எழுதி மூடிவிடுவார்கள். அடுத்த வாய்தா கிடையாது என்று வக்கீல் முன்பே சொல்லியிருந்தார்.

நேற்று வரை அவனிடம் பழைய இயங்குதளம்தான் இருந்தது. போன தீபாவளிக்கு ஊரெல்லாம் 'அண்டை' என்ற புது இயங்குதளத்துக்கு மாறி ஒரு வருடம் ஆகப் போகிறது. முகம், குரல், கைரேகை எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் போலியாகச் செய்யலாம் என்று ஆன பிறகு கடவுச்சொல்லுக்கு மதிப்பில்லாமல் போனது. அப்போதுதான் எவருக்கோ ஒரு சின்ன யோசனை வந்தது. ஒரு ஆள் யார் என்று அக்கம்பக்கத்தாருக்குத் தெரியாமல் இருக்குமா? அண்டை போட்ட கணினி, அணைத்து எழுப்பும்போதெல்லாம், கூப்பிடு தூரத்தில் விழித்திருக்கும் மூன்று கணினிகளை விசாரிக்கும்: என்னைத் திறப்பவர் என் ஆள்தானா? தங்கள் வீட்டுக்காரர்கள் அந்த ஆளோடு அண்மையில் நேருக்கு நேர் பேசியதைக் கேட்டிருந்தால் அவை மூன்றும் ஆமாம் என்று சொல்லும். கைப்பேசிகளுக்கு மட்டும் சாட்சி சொல்லும் தகுதி இல்லை. ஊர் சுற்றும் பொருளின் பேச்சை யார் நம்புவது?

இதில் நாடே கொஞ்சம் மாறித்தான் போனது. கதவைச் சாத்திக்கொண்டு வாழ்ந்த அடுக்ககங்களில் தினமும் காலையில் படிக்கட்டு நிரம்பியது. "வணக்கம், சாப்பிட்டாச்சா?" "ஆச்சு, நீங்க?" "ஆச்சு." அவ்வளவுதான், இரண்டு பேரும் உள்ளே போய்விடுவார்கள். இதற்கு 'சாட்சி வணக்கம்' என்று பெயரே வந்துவிட்டது. பதிலுக்குக் காத்திருக்காமல் கேட்கும் கலையில் சிலர் கைதேர்ந்துவிட்டார்கள்.

மருதவாணன் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. விவாகரத்துக்குப் பிறகு உறையூரில் இந்த அடுக்ககத்துக்குக் குடிவந்தவன், யாரிடமும் எதையும் விளக்கப் பிடிக்காமல் பழைய இயங்குதளத்தோடும் பூட்டிய கதவோடும் காலம் தள்ளினான். அவன் வாய் திறந்து பேசியது கீழ்வீட்டுக்காரர் ஒருவரிடம்தான். அதையும் பேச்சு என்று சொல்ல முடியாது. விடிவதற்கு முன்னாலேயே தண்ணீர் மோட்டாரைப் போட்டுத் தூக்கத்தைக் கெடுக்கிறான் என்று அவர் கீழேயிருந்து கத்துவார். போடாவிட்டால் எதில் குளிப்பது என்று இவன் மேலேயிருந்து கத்துவான். ஆறு மாதமாக இதுதான் அவர்களுடைய உறவு.

அண்டை போட்ட கணினியில் வந்தால்தான் ஏற்போம் என்று நீதிமன்றம் சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டுவிட்டு நேற்றுத்தான் நிறுவினான். நேற்று ஆயுத பூஜை.

சாட்சி கேட்டு ஒவ்வொரு கதவாகத் தட்டியபோது எல்லார் வீட்டிலும் கணினிகள் சுத்தமாக அணைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்துப் பூஜையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன. குடியிருப்போர் சங்கச் செயலாளர் மங்கையர்க்கரசி சிரித்துக்கொண்டே சொன்னார்.

"பூஜையில வச்சதை எப்படி சார் இன்னைக்கு எடுக்கறது? காலையில விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து எல்லாரும் திறப்போம். உங்களுதும் தானா திறந்துக்கும்."

அதை நம்பித்தான் அவன் படுத்தான். இப்போது மணி எட்டரை. நல்ல நேரம் வந்து போய்விட்டது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால் படிக்கட்டு முழுக்க ஆட்கள், ஒவ்வொருவர் கையிலும் பொட்டு வைத்த மடிக்கணினி.

"உங்களுக்குத் திறந்துதா?"

"இல்லையே. சாட்சி இல்லைங்குது."

"நான் இருக்கேனே, எனக்குமா சாட்சி இல்லை?" என்றார் மங்கையர்க்கரசி. கட்டடத்தில் ஒருவர் விடாமல் தினம் வணக்கம் வைத்தவர் அவர். அவமானத்தில் குரல் உடைந்திருந்தது.

மருதவாணனுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. ஒவ்வொரு கணினியும் எழுவதற்கு, ஏற்கெனவே எழுந்த மூன்று கணினிகள் வேண்டும். நேற்று எல்லாமே ஒன்றாகப் படுத்துவிட்டன. பூஜை இல்லாத ஒரே வீடு முதல் மாடியில் இருந்த சூசைமாணிக்கத்துடையது. அவர்களோ எல்லாவற்றையும் அணைத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்குப் போயிருந்தார்கள். முதலில் யார் எழுவது?

கைப்பேசியில் அண்டை நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தான். நெடுநேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள். யாழ்மொழி என்று பெயர் சொன்னாள். ஓசூரிலிருந்து பேசினாள்.

"சார், எங்களையும் திட்டிக்கோங்க. இங்க ஒரு கணினியும் திறக்கல. நேத்து நாங்களும் எல்லாத்துக்கும் பொட்டு வச்சு அணைச்சுட்டோம். இதை வடிவமைச்சவங்க எங்கேயோ குளிர்தேசத்துல இருக்காங்க. ஒரு ஊரே சேர்ந்து ஒரே நாள்ல அணைச்சு வைக்கும்னு அவங்க கனவுலகூட நினைக்கல."

"எனக்குப் பத்து மணிக்குக் கேஸும்மா. என் பொண்ணு விஷயம்."

மறுமுனையில் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு வழி இருக்கு சார். உயிர்ச்சாட்சின்னு பேரு. இதுவரைக்கும் யாரும் பயன்படுத்தினதா எனக்குத் தெரியல. பட்டனையும் ஒலி குறைக்கற விசையையும் சேர்த்துப் பிடிச்சா கேமரா முழிச்சுக்கும். உங்களைத் தெரிஞ்ச ஒருத்தர் அது முன்னாடி நின்னு, நீங்க யாருன்னு சொல்லணும். மூணு கணினிக்கு ஒரு மனுஷர் சமம்."

"அவ்வளவுதானா?"

"சும்மா பேரைச் சொன்னாப் போதாது சார். உங்க கணினிக்குள்ள இருக்கற பதிவுகளோட ஒத்துப்போற மாதிரி, வெளியாளுக்குத் தெரியாத ஒரு உண்மையைச் சொல்லணும். மூணு தடவை தேறலைன்னா இன்னைக்கு முழுக்கத் திறக்காது."

பாதிக் கட்டடம் அவன் வீட்டுக்குள் வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் கணினி. மங்கையர்க்கரசி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு முதலில் நின்றார். இதழினி பிறந்ததே தன் கையில்தான் என்பது போல நம்பிக்கையோடு நின்றார்.

'இவர் யார்?' என்றது திரை.

"இவர் மருதவாணன். ரொம்ப நல்லவர். தானுண்டு தன் வேலையுண்டுன்னு இருப்பார்."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்டது.

'போதாது.'

அடுத்து மூன்றாவது மாடிக் குமரகுருபரன் வந்தார். வங்கி மேலாளர், எதையும் அடித்துப் பேசுகிறவர். "இவர் சாஃப்ட்வேர்ல இருக்கார். பெங்களூர்க் கம்பெனி" என்றார்.

'பிழை.'

மருதவாணன் பாலங்களில் விரிசல் விழுகிறதா என்று அளக்கும் பொறியாளன். குமரகுருபரன் சங்கடத்தோடு விலகிப் போனார். மணி ஒன்பதே முக்கால். மிஞ்சியது ஒரே ஒரு வாய்ப்பு. அறையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வருடம் முழுக்க ஒருவரையொருவர் சாப்பிட்டாச்சா என்று கேட்டவர்கள்தான். ஆனால் யாருக்கும் யாரைப் பற்றியும் எதுவும் தெரியவில்லை.

"நகருங்க. நான் சொல்றேன்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் கீழ்வீட்டுக்காரர்.

மருதவாணனுக்குப் பகீரென்றது. ஆறு மாதப் பகையைத் தீர்த்துக்கொள்ள இதைவிட நல்ல நாள் அவருக்குக் கிடைக்காது. "சார், வேணாம். இது என் பொண்ணு வாழ்க்கை" என்றான்.

"வேற யாரு இருக்கா தம்பி, சொல்லு. அவங்களை நிக்கச் சொல்றேன்."

யாரும் இல்லை. அவன் ஒதுங்கி நின்றான். கண்களை மூடிக்கொண்டான்.

"இவன் மருதவாணன்" என்று அவர் கேமராவைப் பார்த்து, மோட்டார் சண்டையில் பேசும் அதே குரலில் ஆரம்பித்தார். "ஊரே தூங்கற நேரத்துல எழுந்திருப்பான். அங்க அந்தப் பொண்ணுக்கு அப்பதான் பள்ளிக்கூடம் கிளம்பற நேரம். அது சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் எதிர்ல உக்காந்து பேசுவான். வாய்ப்பாட்டு சொல்லித் தருவான். ஏழாம் வாய்ப்பாட்டுல அந்தப் பிள்ளை எப்பவும் ஒரு இடத்துல தப்பு பண்ணும். இவன் திட்ட மாட்டான், முதல்லேர்ந்து ஆரம்பிப்பான். அது போன பிறகு கூடத்துல நடப்பான். என் தலைக்கு மேலதான் நடக்கறான். அப்புறம் போய் மோட்டாரைப் போட்டுத் தொலைப்பான்."

திரையில் ஒரு வட்டம் சுற்றியது. கணினி தனக்குள் கிடந்த ஆறு மாத அழைப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தது. பிறகு மெல்லிய மணியோசையோடு திரை முழுக்க வெளிச்சம் பரவியது.

'இவர் அவரே. வணக்கம், மருதவாணன்.'

மங்கையர்க்கரசி கை தட்டினார். மருதவாணன் கீழ்வீட்டுக்காரரிடம் நன்றி சொல்ல வாயெடுத்தான். "மூஞ்சியைக் கழுவிட்டு உக்காருய்யா, நேரமாகுது" என்று சொல்லிவிட்டு அவர் எல்லோரையும் வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

விசாரணை முக்கால் மணி நேரம் நடந்தது. குழந்தை வந்தால் அங்கே வேறு யார் இருக்கிறார்கள், இவர் தனி ஆள்தானே என்று எதிர்த்தரப்பு கேட்டது. சாத்திய கதவைத் தாண்டிப் படிக்கட்டின் கூச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. அது என்ன சத்தம் என்று நீதிபதி விசாரித்தார். "என் அக்கம்பக்கத்தார்" என்றான் மருதவாணன். பிறகு, காலையில் நடந்ததை அப்படியே சொன்னான். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். டிசம்பர் விடுமுறை முழுக்க இதழினி திருச்சியில் இருக்கலாம், இனி ஒவ்வொரு வருடமும் இருக்கலாம்.

தீர்ப்பு வந்து திரை மாறியதும் அவன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். சந்தோஷத்தில்தான் அழுதான். ஆறு மாதமாக நெஞ்சுக்குள் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. இனி எது நடந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

கதவைத் திறந்தபோது படிக்கட்டில் பெரிய வகுப்பே நடந்துகொண்டிருந்தது. குமரகுருபரனின் மனைவி அவருடைய கணினி முன்னால் நின்று, "இவருக்கு வெண்டைக்காய் பிடிக்கும்" என்றார். 'பிழை' என்றது கணினி. "அப்ப இருபது வருஷமா எதுக்குங்க சாப்பிட்டீங்க?" என்று அவர் திரும்பினார். குமரகுருபரன் சுவரைப் பார்த்தார். மங்கையர்க்கரசி ஒவ்வொருவரிடமும் போய், என்னைப் பற்றி ஏதாவது தெரியுமா, யோசித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் நன்றாக யோசித்தார்கள்.

கீழ்வீட்டுக்காரர் தன் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு கடைசிப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"ஜெயிச்சுட்டேன் சார்! டிசம்பர்ல வர்றா!"

"தெரியும். அழுத சத்தம் கேட்டுது." அவர் முகம் மலர்ந்தது. "சரி, இப்ப நீ வந்து எனக்குச் சொல்லு. பதினொண்ணரைக்கு எனக்காக ஒரு ஆள் காத்திருக்கு."

"இதோ சார்" என்று மருதவாணன் துள்ளிக்கொண்டு அவர் முன்னால் மண்டியிட்டான். இதைவிட மகிழ்ச்சியாக அவன் எந்த வேலையையும் செய்திருக்க மாட்டான். கேமரா விழித்தது.

'இவர் யார்?'

"இவர்..." என்று ஆரம்பித்தான்.

சங்கத்தின் கைப்பேசிக் குழுவில் அவர் வெறும் வீட்டு எண், ஜி-2. கூப்பிடும்போது எப்போதும் 'சார்'. அவன் மனசுக்குள் வைத்திருந்த பெயரை வெளியே சொல்ல முடியாது. அவர் என்ன வேலை பார்த்தார், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், அந்த நேரத்தில் இவன் மகளின் வாய்ப்பாட்டைக் கேட்டுக்கொண்டு அவர் ஏன் விழித்திருந்தார்? ஆறு மாதம் கத்தியிருக்கிறான். இதில் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

"இவர் என் கீழ்வீட்டுக்காரர்" என்றான்.

'போதாது.'

அவனுக்கு முகம் சுட்டது. கணினியை மெதுவாக மூடினான். நிமிர்ந்து அவர் முகத்தை, அநேகமாக முதல்முறையாக, ஒழுங்காகப் பார்த்தான்.

"சார், உங்களுக்காக யார் காத்திருக்காங்க?"

அவர் கொஞ்சம் நகர்ந்து, படியில் அவனுக்கு இடம் விட்டார்.

"உக்காரு" என்றார். "சொல்றதுக்கு நேரமாகும்."