படகுத்துறையின் ஊமை வீடியோ

மல்லிகா கடைக்குள் வந்து நின்றபோது சேக் தாவூத் ஒரு குடையை விரிப்பதும் மூடுவதுமாக இருந்தார். அவள் கண்கள் வீங்கியிருந்ததைப் பார்த்ததுமே குடையைக் கீழே வைத்துவிட்டார். அழுத முகத்தோடு ஒருத்தர் கடைக்கு வந்தால் அவர் குடை வாங்க வரவில்லை என்பது தாவூதுக்குத் தெரியும்.

தீவின் ஃபீனிக்ஸ் பே படகுத்துறையிலிருந்து மேலே ஏறும் சாலையில் ஒரே கதவுக்குள் இரண்டு கடைகள். இடப்பக்கம் தாவூதின் குடை, பெட்டி, பை வியாபாரம். வலப்பக்கம் அவர் மனைவி சம்சாத்தின் கம்ப்யூட்டர் மேசை. போட்டோவை பிடிஎஃப் ஆக்குவது, பிடிஎஃபை வேர்டு ஆக்குவது, போனில் திறக்காத வீடியோவைத் திறக்கும்படி மாற்றிக் கொடுப்பது, இதுதான் அந்த அம்மாவின் பிழைப்பு. எதையும் பதறாமல் பார்க்கிறவள். தாவூதோ ஊரில் யாருக்காவது ஒரு செருப்பு தொலைந்துபோனாலும் சோறு தண்ணி மறந்துவிடுகிற மனுஷர். இந்த ஜோடியைப் படைத்தவன் ரொம்ப யோசித்துத்தான் படைத்திருக்க வேண்டும்.

"அக்கா, இந்த வீடியோவைக் கொஞ்சம் பாருங்க" என்று மல்லிகா போனை நீட்டினாள். "சாயங்காலம் நாலு மணிக்கு முதலாளி சென்னையில இருந்து வீடியோ கால்ல வர்றாரு. அதுக்கப்புறம் எங்க வீட்டுக்காரருக்கு வேலை இல்ல."

மல்லிகாவின் கணவன் அழகேசன் தனியார் கம்பெனிப் படகு ஒன்றில் பதினெட்டு வருஷமாக டெக் ஆள். போன வாரம் நீல் தீவுக்குப் போகும் பயணிகளை ஏற்றும்போது வேலாயி என்ற வயதான அம்மா ஏறுபலகையிலிருந்து விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். படகில் வந்தவர்கள் யாராவது வீடியோ எடுத்திருந்தால் அனுப்புங்கள் என்று முதலாளி கேட்க, யாரோ இதை அனுப்பிவிட்டார்கள்.

சம்சாத் அதைத் தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். தாவூத் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். படம் தீப்பெட்டி அளவில்தான் தெரிந்தது. சத்தம் துளியும் இல்லை. மாலையோடு ஒரு மணப்பெண், கூடவே உறவுக்காரர்கள், ஒரு சிவப்புப் பெட்டி. எல்லோருடைய தலைக்கும் மேலே இருந்து எடுத்திருந்தார்கள். அழகேசன் பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். திடீரென்று கூட்டம் முழுக்க அவன் பக்கம் திரும்பியது. ஒரு கைக்குழந்தைகூட அம்மாவின் தோளிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தது. வேலாயி மட்டும் குனிந்தபடியே பலகையில் கால் வைத்தார். படகு தூக்கிப்போட்டது. விழுந்துவிட்டார். அதற்குப் பிறகும் காமிரா சிறிது நேரம் மணப்பெண் மீதே நின்றது.

"பலகைக்கிட்ட நிக்க வேண்டிய ஆளு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறானேன்னு முதலாளி கேக்குறாரு" என்றாள் மல்லிகா. "அலை வருது, நில்லுங்கன்னு தொண்டை கிழியக் கத்துனேன்னு இவர் சொல்றாரு. யாரும் கத்தலைன்னு அந்த அம்மாவே சொல்லிட்டாங்களாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்தேன்க்கா. நான் பேசப் பேச என் வாயையே பாத்துக்கிட்டிருந்தாங்க. கோபத்துல அப்படிப் பாக்குறாங்கன்னு நினைச்சு எந்திரிச்சு வந்துட்டேன்."

"கூட நின்ன ஆளுங்க?" என்று கேட்டாள் சம்சாத்.

"பயணிங்க யார் யாருன்னு எங்களுக்குத் தெரியாது. கேப்டன் மேல இருந்தாரு, அவர் காதுல விழல. விஜயராஜ் கீழ என்ஜின் பக்கத்துல சாமான் ஏத்திக்கிட்டிருந்தான். அவன்தான் இதை எனக்கு அனுப்பினதே. தூத்துக்குடியில இருந்து போன வருஷம் வந்த பையன். இவர் போனா அந்த இடம் அவனுக்குத்தான்." மல்லிகா குரலைத் தாழ்த்தினாள். "வீடியோவுல இருந்து சத்தத்தை அவன்தான் வெட்டி எடுத்திருக்கணும்."

தாவூதுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும். "அரே, இதுல யோசிக்க என்ன இருக்கு? லாபம் யாருக்கோ அவன்தான் ஆளு. நான் போய் அவனைக் கூட்டிட்டு வந்து நாலு கேள்வி கேக்குறேன்."

"கூட்டிட்டு வாங்க. கேள்வி மட்டும் கேக்காதீங்க" என்றாள் சம்சாத்.

தாவூத் விஜயராஜோடு திரும்பி வந்தபோது, வழியில் ஏழெட்டுக் கேள்விகளாவது கேட்டிருப்பார் என்பது அந்தப் பையனின் முகத்தில் தெரிந்தது. பின்னாலேயே அழகேசனும் வந்தான். குனிந்த தலை, மெதுவான பேச்சு. இவன் தொண்டை கிழியக் கத்தினான் என்றால் தாவூதே நம்பமாட்டார்.

"உக்காருங்க எல்லாரும்" என்றாள் சம்சாத். "முதல்ல ஒரு விஷயம். சத்தத்தை எடுத்தது விஜயராஜ் இல்ல."

தாவூதின் முகம் சுருங்கிவிட்டது. "எப்படிச் சொல்றே?"

"ஏங்க, சத்தத்தை மறைக்கணும்னு நினைக்கிறவன் படத்தை எதுக்குக் கெடுக்கணும்? இவர் முதுகைக் காட்டுறது பளிச்சுனு தெரிஞ்சாத்தானே அவனுக்கு நல்லது? இதுல படத்தையும் நசுக்கியிருக்காங்க, ஆடியோவையும் அடியோட எடுத்திருக்காங்க. இது மறைக்கிற வேலை இல்ல. சுருக்குற வேலை."

அவள் திரையில் வீடியோவின் விவரங்களைத் திறந்தாள். "இது த்ரீஜிபி. இப்ப எந்த போனும் இந்த வகையில வீடியோ எடுக்காது. எதுல மாத்துனாங்கன்னு பேரும் இருக்கு பாருங்க. பழைய கன்வெர்ட்டர். நானே இதை வச்சு வருஷக்கணக்கா வேலை பாத்திருக்கேன். கடலுக்கடியில கேபிள் வர்றதுக்கு முன்னாடி நம்ம நெட்டு எப்படி இருந்துச்சு? ஒரு போட்டோ போறதுக்குள்ள ஒரு சாயா குடிச்சு முடிச்சிரலாம். மெயின்லேண்டுக்கு எதை அனுப்பினாலும் சின்னதாக்கு, சத்தத்தை எடு, அப்புறம் அனுப்பு. அந்தக் கஷ்டம் பட்டவங்க கையிலதான் இந்தப் பழக்கம் இருக்கும். போன வருஷம் வந்த பிள்ளைக்கு இந்த சாஃப்ட்வேர் பேரு கூடத் தெரியாது."

"சத்தியமாத் தெரியாதுக்கா" என்றான் விஜயராஜ். அதுவரை அடக்கிவைத்திருந்தது அவனுக்குப் பொங்கி வந்துவிட்டது. "முதலாளி கம்பெனி குரூப்புல போட்டாரு. அண்ணன் குரூப்பே பாக்கமாட்டாரு. வீடியோ காலுக்கு முன்னாடி அவரு பாத்துக்கிடட்டும்னுதான் மதினிக்கு அனுப்புனேன். வேற ஒண்ணுமில்ல."

மல்லிகா தலையைக் குனிந்துகொண்டாள். தாவூத் தன் குடைகளை உன்னிப்பாகப் பார்க்கத் தொடங்கினார்.

"ரெண்டாவது, இவர் கத்தியிருக்காரு" என்று சம்சாத் தொடர்ந்தாள். "அத்தனை பேரும், கைக்குழந்தை உட்பட, ஒரே நேரத்துல இவர் பக்கம் திரும்புறாங்க. சும்மா நிக்கிற ஆளை எதுக்குத் திரும்பிப் பாக்கணும்? கேட்டுச்சு, திரும்பினாங்க. திரும்பாத ஆள் ஒருத்தர்தான்."

"வேலாயி அம்மா" என்றார் தாவூத். சொன்ன பிறகுதான் அவருக்கே புரிந்தது. "யா அல்லா. அவங்களுக்குக் காது கேக்காது."

"அதனாலதான் மல்லிகாவோட வாயையே பாத்திருக்காங்க. கோபம் இல்ல பாவம், என்ன பேசுறாங்கன்னு பாத்துப் புரிஞ்சுக்கிறாங்க. யாரும் கத்தலைன்னு அவங்க சொன்னதும் பொய் இல்ல. முதலாளிக்குக் கிடைச்ச சாட்சி ரெண்டு. ஒருத்தருக்குக் காது இல்ல, இன்னொண்ணுக்கு சத்தம் இல்ல."

அழகேசன் முதல் தடவையாகத் தலை நிமிர்ந்தான். "முதுகைக் காட்டினது உண்மைதான்க்கா. அலை தூக்குச்சு. கயிறை விட்டா படகு விலகிப் போயிரும். பலகையோட எல்லாரும் தண்ணிக்குள்ள போயிருப்பாங்க. ரெண்டு கையாலயும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டுக் கத்தினேன். வேற என்ன செய்ய முடியும்?"

"எனக்குப் புரியுது. முதலாளிக்குக் கேக்கணும். இதைச் சுருக்கினவர்கிட்ட முழுசு இருக்கும். அவர் யாரு?" சம்சாத் படத்தைத் திரும்ப ஓட்டினாள். "காமிரா தலைக்கு மேல இருக்கு, ஆடவே இல்ல. பக்கத்துல ஒருத்தர் விழுந்த பிறகும் பொண்ணை விட்டு நகரல. நீங்களோ நானோ போன்ல எடுத்திருந்தா அந்த நிமிஷமே அங்க திருப்பியிருப்போம். இது கல்யாண வீடியோக்காரர் கை. யார் வீட்டுக் கல்யாணம்னு தெரிஞ்சா ஆளைப் பிடிச்சிரலாம்."

தாவூத் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குள் மூக்கை நுழைக்காத குறையாகப் பார்த்தார். "அந்த சிவப்புப் பெட்டி நம்ம பெட்டி சம்சாத். கைப்பிடி அறுந்து வந்ததால நீலப் பெல்ட்டு போட்டுக் கொடுத்தேன். வாங்கினது உமா மகேஸ்வரி. நீல் தீவுல கட்டிக் கொடுக்கிறோம்னு அவங்க அப்பா சொன்னாரு."

"இதுதான் நீங்க" என்றாள் சம்சாத், புன்னகையோடு. அந்த ஒரு வார்த்தையில் தாவூதுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

உமா மகேஸ்வரியின் அப்பாவுக்கு ஒரு போன் போட்டதும் வீடியோக்காரரின் பெயர் கிடைத்துவிட்டது. பத்துபஸ்தியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பையா. விஷயத்தைக் கேட்டதும் மனுஷர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கே வந்துவிட்டார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. பெண் வீட்டார் பார்ப்பதற்காக அனுப்பிய பிரதியை அவர்களில் யாரோ முதலாளிக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"சத்தத்தை எடுத்தது நான்தாம்மா" என்றார் தம்பையா. "பார்வைக்கு அனுப்புறதுல சத்தம் எதுக்கு? பின்னாடி பாட்டுத்தானே போடப் போறோம். இருபது வருஷமா அப்படியே செஞ்சு கை பழகிப் போச்சு."

"ஒரிஜினல் காமிராவுல இருக்குமே அண்ணே?"

அவர் முகம் வெளிறியது. "நேத்து ராத்திரி இன்னொரு கல்யாணம். கார்டை அழிச்சு அதுலதான் எடுத்தேன்."

மல்லிகா அழகேசனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். மகள் பிளஸ் டூ முடிக்கிற வருஷம், இந்த வயசில் இவரை வேறு எந்தப் படகு எடுக்கும் என்ற கவலை எல்லாம் அந்தப் பிடியில் இருந்தது. சம்சாத் மட்டும் பதறவில்லை.

"அண்ணே, சின்னதை நெட்டுல அனுப்பிட்டு, பெரிசை யாராவது போற ஆள் கையில கொடுத்து விடுறதுதானே நம்ம வழக்கம்? இப்பவும் எடிட்டிங் சென்னையிலதானே?"

தம்பையா நெற்றியில் அடித்துக்கொண்டார். "மாப்பிள்ளையோட சித்தப்பா கையில பென் டிரைவ் கொடுத்து விட்டேன். கேபிள் வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு, இன்னமும் எனக்கு நெட்டு மேல நம்பிக்கை இல்ல. அவருக்கு இன்னைக்குக் கப்பல். ஹேடோ துறைமுகத்துல ஏறிக்கிட்டிருப்பாரு."

கப்பல் கிளம்பிவிட்டால் அது சென்னைக்குப் போய்ச் சேர மூன்று நாள் ஆகும். முதலாளி சொன்ன நேரத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. தாவூத் யாரையும் கேட்கவில்லை. தம்பையாவின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார். போன் போட்டால் சித்தப்பா எடுக்கவில்லை. வழியெல்லாம் தாவூத் ஓதிக்கொண்டே போனார். துறைமுக வாசலில் பெட்டியும் படுக்கையுமாக வரிசை நீண்டு கிடந்தது. உள்ளே விடமாட்டோம் என்றார் காவலர். தாவூத் ஹிந்தியிலும் தமிழிலும் மாற்றி மாற்றிக் கெஞ்சினார். தம்பையா சும்மா கெஞ்சவில்லை. இருபது வருஷமாகக் கல்யாண மண்டபங்களில் கூட்டத்தை அதட்டிய அதே குரலில், "மாப்பிள்ளை சித்தப்பா, இந்தப் பக்கம் பாருங்க" என்று சத்தம் போட்டார். வரிசையின் நடுவில் ஒரு வழுக்கைத் தலை பழக்கதோஷத்தில் சிரித்தபடி திரும்பியது.

பென் டிரைவ் சம்சாத்தின் கைக்கு வந்தபோது முதலாளியின் அழைப்புக்குப் பத்து நிமிஷம் இருந்தது. காமிராவின் எம்டிஎஸ் ஃபைல், எந்த போனிலும் திறக்காது. அவள் வேண்டிய துண்டை மட்டும் வெட்டி, எம்பிஃபோர் ஆக மாற்றக் கொடுத்தாள். பச்சைக் கோடு நகர நகர மற்ற ஐந்து பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாவூதுக்கு அந்தக் கோட்டைக் கையால் தள்ளிவிடலாமா என்றிருந்தது.

முடிந்ததும் சம்சாத் அதை ஓடவிட்டாள். என்ஜின் உறுமல், மணப்பெண்ணின் அத்தை யாரையோ திட்டுவது, கடல். அதையெல்லாம் கிழித்துக்கொண்டு, ஹிந்தியிலும் தமிழிலும் மாற்றி மாற்றி நிற்கச் சொல்லி அழகேசனின் குரல் வந்தது. "ருக்கோ, ருக்கோ. அலை வருது. அம்மா, கால் வைக்காதீங்க. மாஜி, ருக் ஜாவ்." மூன்று முறை. மூன்றாவது முறை குரல் உடைந்தே போனது.

மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழகேசன் ஏதோ தப்புச் செய்தவன் போலத் தரையைப் பார்த்தான்.

முதலாளி நாலு மணிக்குச் சரியாக வீடியோ காலில் வந்தார். சம்சாத் வீடியோவை அனுப்பினாள், தலைகள் திரும்பியதையும் வேலாயி அம்மாவின் காதையும் நாலே வாக்கியத்தில் சொன்னாள். அவர் இரண்டு முறை பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "அழகேசன், பதினெட்டு வருஷத்துல உன் குரலை நான் இன்னைக்குத்தான் கேக்குறேன். என்னை மன்னிச்சிரு. நாளைக்குப் படகுக்குப் போ. இனிமே ஏத்துற நேரத்துல பலகைக்கிட்ட ரெண்டு ஆள் நிக்கணும். அந்த அம்மாவோட வைத்தியத்தைக் கம்பெனி பாத்துக்கும்."

தாவூத் "அல்ஹம்துலில்லாஹ்" என்று நாற்காலியில் சாய்ந்தார். பிறகு எழுந்து போய் விஜயராஜின் கையைப் பிடித்தார். "தம்பி, வழியில உன்னை என்னென்னமோ கேட்டுட்டேன். மனசுல வச்சுக்காதே." மல்லிகாவும் அவனைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள், அழுகைதான் வந்தது. "விடுங்க மதினி. அண்ணன் வந்தாப் போதும், அந்தக் கயிறைத் தனியாளா என்னால பிடிக்க முடியாது" என்றான் அவன்.

தம்பையா இன்னும் கூனிக் குறுகியே நின்றார். "என் பழக்கத்தால உன் வேலையே போகப் பாத்துச்சு, அழகேசா."

அழகேசன் அவருடைய இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "அதே பழக்கத்தாலதான் அண்ணே அந்தப் பென் டிரைவே இருந்துச்சு. நீங்க நெட்டை நம்புற ஆளா இருந்திருந்தா என் குரல் எங்கேயும் மிஞ்சியிருக்காது. உங்க கைக்கு நான் கடன்பட்டவன்."

எல்லோரும் கிளம்பினார்கள். மல்லிகா மட்டும் படி இறங்கிவிட்டுத் திரும்பி வந்தாள். சம்சாத்தின் மேசை முன்னால் வந்து தயங்கி நின்றாள்.

"அக்கா, அதை என் போனுக்கு மாத்திக் கொடுங்க."

"எம்பிஃபோர்தானே? இதோ அனுப்புறேன்."

"இல்லக்கா. படம் வேண்டாம்" என்றாள் மல்லிகா. "சத்தம் மட்டும் போதும்."