காப்பி சிந்திய கை

"டாக்டரம்மா, என் கையாலதான் அவர் வாயில மாத்திரையைப் போடுறேன். ஒரு வேளைகூடத் தவறல. ரத்தத்துல மருந்தே இல்லைன்னா நான் என்ன செய்ய?"

லிண்டால்வாவுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது. புற்று வந்த கல்லீரலை எடுத்துவிட்டு வேறு கல்லீரல் வைத்து மூன்று மாதம் ஆகியும் கணவன் வால்மீரின் வயிற்றுத் தையல் முழுசாக ஆறவில்லை. புதுக் கல்லீரலை உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்கத் தரும் டாக்ரோலிமஸ் அவன் ரத்தத்தில் துளியும் இல்லை. பெண்டாட்டி சரியில்லை, அவளை ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று ஆஸ்பத்திரியில் பேச்சு.

டாக்டர் ஐராசி, ஃபோர்தலேசா நகரில் அவர்கள் தங்கியிருந்த நோயாளிகள் விடுதிக்கே வந்துவிட்டார். கூட வந்த பயிற்சி டாக்டர் டெனில்சன் வாசலிலேயே வழக்கை முடித்துவிட்டான்.

"சந்தேகமே இல்ல மேடம். இந்தம்மா மறந்துட்டு மறைக்கிறாங்க."

"மருந்து நின்னுபோயிருந்தா கல்லீரல் இந்நேரம் வீங்கியிருக்கணும். அது சமர்த்தா வேலை செய்யுது. அப்ப அதைக் காப்பாத்துறது எது?"

சமையலறையில் காலைச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. வால்மீர் முந்திரிப்பழச் சாற்றை ஒரு மடக்கு குடித்து, முகம் சுளித்துத் தள்ளி வைத்தான். "வாயெல்லாம் புண்ணு, டாக்டர்."

எதிரே பெரியவர் அதெரால்டோ. அதே நோய்க்கு, அதே வாரத்தில் அறுவை செய்துகொண்டவர். சோளப் புட்டில் மிளகாய்ச் சாற்றைத் தாராளமாக ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கும் வாய்ப்புண் இருந்துதே அய்யா?"

"அது போன மாசமே ஆறிடுச்சு" என்றபடி டாக்டருக்குக் காப்பி ஊற்றினார். கை நடுங்கி, பாதி மேசையில் சிந்தியது.

"லிண்டால்வா, டப்பாவுல மாத்திரை பிரிச்சு வைக்கிறது யாரு?"

"அய்யாதான். எங்க எல்லாருக்கும்."

"மாத்திரை முன்ன மாதிரியேதான் இருக்கா?"

"முன்ன கேப்சூல். போன மாசத்துலேர்ந்து வெள்ளை வட்டம். கம்பெனி மாறிடுச்சுன்னு அய்யா சொன்னார்."

டாக்டர் மேசையைத் துடைத்தார். "டாக்ரோலிமஸ் கையை நடுங்க வைக்கும். அய்யாவுக்கு நான் எழுதினது அதே வேலையைச் செய்யுற எவரோலிமஸ். அது வாயைப் புண்ணாக்கும், தையலை ஆற விடாது. இப்பப் புண்ணு இந்தப் பக்கம் இருக்கு, நடுக்கம் அந்தப் பக்கம் இருக்கு. வால்மீர் ரத்தத்துல நாம வேற மருந்தைத் தேடியிருக்கோம், டெனில்சன். ரெண்டு பேருக்கும் ரெண்டையும் பரிசோதிச்சாத் தெரிஞ்சுடும். ஆனா அய்யா, நீங்களே சொல்லிட்டா நல்லது."

அதெரால்டோ கரண்டியை வைத்தார். "என் மருந்து புற்று திரும்பாமத் தடுக்கலாம்னு நீங்கதானே சொன்னீங்க? அவன் குழந்தை இன்னும் தவழக்கூட இல்ல. நான் வாழ்ந்து முடிச்சவன். நல்ல மருந்து எனக்கெதுக்குன்னு..."

"தடுக்கலாம்னுதான் சொன்னேன், தடுக்கும்னு சொல்லல. உங்க சிறுநீரகத்துக்கு அவன் மருந்து ஆகாது. அவன் தையலுக்கு உங்க மருந்து ஆகாது. இதுல ஒசத்தி, மட்டம்னு எதுவும் இல்ல அய்யா."

"அப்ப நானே அவனை..."

"இல்ல. இன்னிக்கே ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு வாங்க, நாங்க மாத்துறோம். தையல் ஆறிடும்."

டெனில்சன் லிண்டால்வாவிடம் மெல்ல மன்னிப்புக் கேட்டான். அவள் காதில் விழவில்லை. கிழவருக்கு ஓங்கி ஓர் அறை விட வேண்டும்போல இருந்தது. அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது.

இருவரும் விடுதிக்குத் திரும்பிய அன்று, டப்பாக்களை அவளே நிரப்பினாள். கணவன் வாயில் கேப்சூலைப் போட்டாள். பிறகு வெள்ளை மாத்திரையோடு அதெரால்டோ படுத்திருந்த தூளிப் படுக்கை முன்னால் போய் நின்றாள்.

"குடு தாயி, நானே போட்டுக்கறேன்."

"உங்களை நம்பமாட்டேன். வாயைத் திறங்க."

கிழவர் வாயைத் திறந்தார்.