முப்பதாம் பக்கத்து இலை

பளிச்சுவுக்கு அழுக்கு என்றாலே ஆகாது.

அவளுடைய உண்மையான பெயர் வேறு. ஆனால் வீட்டிலும் சரி, பள்ளியிலும் சரி, யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவள் பென்சில் பெட்டியில் ஒன்றுக்கு இரண்டு ரப்பர் இருக்கும். மேசையில் ஒரு சொட்டு மை பட்டுவிட்டால் அது போகும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. தேய் தேய் என்று தேய்த்துவிட்டு, "பளிச்சுன்னு ஆயிடுச்சு பாருங்க!" என்பாள். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

அதனால்தான், சர்ச் நூலகத்தைச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும் என்று அத்தை சொல்லி முடிப்பதற்குள், "நான்! நான்!" என்று குதித்தாள்.

நூலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஆராதனைக் கூடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. இரண்டு மர அலமாரிகள், ஒரு மேசை, கால் ஆடும் நாற்காலி ஒன்று. அவ்வளவுதான். ஒரு அலமாரியில் ஜெபப் புத்தகங்களும் வேதாகம விளக்கங்களும் இருந்தன. அவற்றை யாரும் அவ்வளவாக எடுப்பதில்லை, அதனால் புத்தம் புதிதாக இருந்தன. இன்னொரு அலமாரி முழுக்க நாவல்கள். அவற்றில் முனை மடங்காத புத்தகம் ஒன்றுகூட இல்லை.

"இதெல்லாம் என்ன கதை அத்தை?"

"காதல் கதைம்மா."

பளிச்சு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சர்ச்லயா?"

அத்தை வாரம் முழுவதும் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நூலகர். எந்தக் கேள்விக்கும் மாத்திரை எடுத்துக் கொடுப்பதுபோல் சட்டென்று பதில் கொடுப்பார்.

"ஏன், சர்ச்சுக்கு வர்றவங்க கல்யாணம் பண்ணிக்கிறதில்லையா? இது விசுவாசிங்க எழுதின காதல் கதை. இதுல ரெண்டு பேரும் ஜெபம் பண்ணிப் பண்ணியே காதலிப்பாங்க. நடுவுல ஒரு மழை வரும், ஒரு காய்ச்சல் வரும், ஒருத்தரை ஒருத்தர் தப்பாப் புரிஞ்சுப்பாங்க. கடைசியில பாஸ்டர் வந்து கல்யாணத்தை முடிச்சு வெச்சிடுவார்."

"எல்லாக் கதையிலயுமா?"

"எல்லாக் கதையிலயும்."

"அப்போ ஒண்ணே ஒண்ணு படிச்சாப் போதுமே!"

"நேத்து சாப்பிட்டியே, இன்னிக்கு ஏன் சாப்பிட்டே? போ, போய் வேலையைப் பாரு."

அட்டைகளும் அப்படித்தான் இருந்தன. ஒரு பெண் குடையோடு நிற்பாள், தூரத்தில் ஓர் ஆண் நிற்பான், நடுவில் ஒரு மரம். அடுத்த புத்தகத்தில் மரம் கொஞ்சம் தள்ளி இருக்கும். எதைப் படித்தோம், எதைப் படிக்கவில்லை என்று எப்படித்தான் கண்டுபிடிப்பார்களோ என்று பளிச்சு நினைத்தாள். நினைத்ததோடு விட்டுவிட்டாள். அங்கேதான் வந்தது வினை.

அலமாரிக் கதவில் அத்தை கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்: "புத்தகத்தில் கிறுக்கக் கூடாது."

அத்தை மருந்துக்கடைக்குப் போனதும் பளிச்சு வேலையைத் தொடங்கினாள். தூசி தட்டினாள், அட்டையைத் துடைத்தாள், மடங்கிய முனைகளை நீவி விட்டாள். அப்போதுதான் ஒரு நாவலின் முப்பதாம் பக்கத்து மூலையில் பென்சிலால் போட்ட ஒரு தையல் குறியைப் பார்த்தாள். பக்கத்தில் குட்டியாக ஒரு பன். அதற்கும் பக்கத்தில் காம்போடு ஓர் இலை.

அடுத்த நாவலை எடுத்தாள். அதிலும் முப்பதாம் பக்கத்தில் கிறுக்கல். அதற்கடுத்ததிலும்!

"எவ்வளவு தைரியம்!" என்றாள் பளிச்சு. இரண்டு ரப்பரையும் எடுத்தாள். சாயங்காலம் அவள் கதவைப் பூட்டியபோது ஒரு ரப்பர் தீர்ந்தே போயிருந்தது. முப்பதாம் பக்கம் எல்லாம் பளிச்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் டெய்லரம்மா நூலகத்துக்கு வந்தார். ஒரு நாவலை எடுத்து உள்ளே ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. இன்னொன்றைத் திறந்தார். இன்னும் மலர்ந்தது.

"அட, இத்தனை இருக்கா! நான் எல்லாம் முடிச்சுட்டேன்னு நெனச்சேனே!"

மூன்று நாவல்களை அள்ளிக்கொண்டு போனார். பேக்கரி அண்ணாவும் அப்படியே இரண்டை எடுத்துப் போனார். பளிச்சுவுக்கு ஒரே பெருமை. சுத்தமாக இருந்தால் எல்லாரும் எப்படிப் படிக்கிறார்கள், பார்த்தீர்களா?

கடைசியாக மெக்கானிக் மாமா வந்தார். வாசல் கதவு அளவுக்கு உயரமான மனிதர். அவர் காதல் நாவல் படிப்பது சர்ச்சில் எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் அவர் எடுத்த புத்தகத்தைச் செய்தித்தாளில் சுற்றித்தான் எடுத்துப் போவார். புத்தகத்தைத் தொடுமுன் வெளிக் குழாயில் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுவார். அதனால் பளிச்சுவுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

அவர் ஒரு நாவலைத் திறந்தார், மூடினார். இன்னொன்றைத் திறந்தார், மூடினார். மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுவரை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். கடைசியில் வெறும் கையோடு நின்றார்.

"எதுவும் வேண்டாமா மாமா?"

"வேண்டாம்மா" என்றார். செய்தித்தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலமே டெய்லரம்மா பளிச்சுவின் வீட்டுக்கு வந்துவிட்டார். அத்தை அடுத்த அறையில் இருந்ததால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்னடி பண்ணி வெச்சிருக்கே? முதல் நாவலைத் திறந்தேன். அதுல கதாநாயகனோட குதிரை நொண்டுது. இந்தக் குதிரையை எங்கேயோ பார்த்திருக்கோமேன்னு யோசிச்சேன். மழை வர்றதுக்குள்ள தெரிஞ்சு போச்சு, ஏற்கெனவே படிச்ச கதை! மூணும் படிச்ச கதைதான். என் குறியெல்லாம் எங்கே?"

"குறியா?"

"எல்லா நாவலும் ஒரே மாதிரிதானே இருக்கு? படிச்சதுன்னு தெரியறதுக்கு நான் ஒரு தையல் போடுவேன், பேக்கரிக்காரர் ஒரு பன் போடுவார். உங்க அத்தை முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும்தான் பார்ப்பா. அதான் முப்பதாம் பக்கம்."

"நான் எல்லாத்தையும் அழிச்சுட்டேன் பெரியம்மா."

"சரி, போனாப் போகுது" என்ற டெய்லரம்மா சட்டென்று நிறுத்தினார். "இலையையுமா?"

"ம்."

டெய்லரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அடிப் பாவி. அது பாட்டு அத்தை போட்டதுடி."

பாட்டு அத்தையைப் பளிச்சுவுக்குத் தெரியும். செடி விற்கும் கடையில் வேலை பார்த்தவர். பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடியவர். மெக்கானிக் மாமாவின் மனைவி. போன வருடம் இறந்துபோனார்.

"அந்த மனுஷன் அவங்க படிச்ச நாவலா தேடித் தேடிப் படிக்கிறார். அந்த இலைதான் அவருக்கு அடையாளம்."

"யார் யார் எடுத்தாங்கன்னு அத்தை எழுதி வெச்சிருக்க மாட்டாங்களா?"

"புத்தகம் திரும்பி வந்ததும் சீட்டைக் கிழிச்சுப் போட்டுடுவாளே."

அன்றைக்குப் பளிச்சுவுக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. மறுநாள் பள்ளி விட்டதும் நேரே மெக்கானிக் கடைக்குப் போனாள். மாமா ஒரு காரின் அடியிலிருந்து வெளியே வந்தார்.

"மாமா, இலையை எல்லாம் நான்தான் அழிச்சேன். கிறுக்கல்னு நெனச்சுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தெரியாமச் செஞ்சதுதானேம்மா, விடு" என்றார். பிறகு அவராகவே பேசினார். "சாப்பிடும்போது அவ படிச்ச கதையைச் சொல்லுவா. நான் 'ம், ம்'னு சொல்லிக்கிட்டு வேற எதையாவது யோசிச்சுட்டிருப்பேன். ஒருநாள் பாதியில நிறுத்திட்டு, 'இப்ப நான் என்ன சொன்னேன், சொல்லுங்க பார்ப்போம்'னு கேட்டா. எனக்குச் சொல்லத் தெரியல. அவ சிரிச்சுட்டுத் தட்டை எடுத்துட்டுப் போயிட்டா."

மாமா துணியைக் காரின் மேல் போட்டார்.

"இப்ப அந்தக் கதையெல்லாம் கேட்கணும்போல இருக்கு. வேற யாரும் சொல்ல முடியாது இல்லையா? அதான் படிக்கிறேன்."

அப்போது காரின் சொந்தக்காரர் வந்தார். "என்னங்க, கதவுல பள்ளம் இருக்குன்னு சொன்னீங்களாம். எனக்கு ஒண்ணும் தெரியலையே?"

"நேரா பார்த்தாத் தெரியாது சார்." மாமா கைவிளக்கைக் கதவோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தார். வழவழப்பாக இருந்த கதவில், நிழலோடு ஒரு பள்ளம் எழுந்து வந்தது. விளக்கை நேராகப் பிடித்தார். காணவில்லை. சாய்த்தார். இதோ இருக்கிறது!

பளிச்சு வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். தன் கணக்கு நோட்டு நினைவுக்கு வந்தது. தப்பான விடையை எவ்வளவு அழித்தாலும் காகிதத்தைத் தடவினால் விரலில் தட்டுப்படுமே!

"மாமா! பாட்டு அத்தை பென்சிலை அழுத்தி எழுதுவாங்களா?"

"அழுத்தியா? அவ ஒரு பக்கம் எழுதினா அடுத்த பக்கத்துலயும் படிக்கலாம். ஏன் கேட்கிறே?"

"இந்த விளக்கை எடுத்துக்கிட்டு என்கூட வர்றீங்களா?"

சாவி அத்தையிடம் இருந்தது. சாவி வேண்டுமென்றால் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மருந்துக்கடையில் நின்று பளிச்சு ஒன்றுவிடாமல் சொன்னாள். டெய்லரம்மாவும் பேக்கரி அண்ணாவும் மாட்டிக்கொள்வார்களே என்று பயமாகத்தான் இருந்தது. அத்தையோ கோபப்படவில்லை. ஏனோ தரையைப் பார்த்துக்கொண்டு, "சரி, வாங்க போகலாம்" என்றார்.

நூலக அறையில் ஜன்னலை மூடினார்கள். பளிச்சு ஒரு நாவலை எடுத்து முப்பதாம் பக்கத்தை விரித்தாள். மாமா கைவிளக்கைப் பக்கத்தோடு சாய்த்துப் பிடித்தார். ஒன்றும் இல்லை.

"இன்னும் கீழே மாமா. இன்னும் கொஞ்சம்."

வெளிச்சம் காகிதத்தை உரசிக்கொண்டு போனது. மூலையில் மெல்லிய நிழலாக ஒரு காம்பு தெரிந்தது. அப்புறம் ஓர் இலை. அதை ஒட்டி இன்னோர் இலை.

மாமா குனிந்து பார்த்தார்.

"ரெண்டு இலை" என்றார். "ரெண்டு இலை போட்டா அவளுக்கு ரொம்பப் பிடிச்ச கதைன்னு அர்த்தம்."

பளிச்சு பென்சிலை அவரிடம் நீட்டினாள். அவர் தலையை ஆட்டினார். "எனக்குப் படம் வராதும்மா. நீயே போடு. அவ போட்ட கோட்டு மேலேயே போ."

பளிச்சு மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பள்ளத்தின் மேலேயே பென்சிலை ஓட்டினாள். இலை திரும்பி வந்தது.

ஒவ்வொரு நாவலாகப் பார்த்தார்கள். இலைகள் கிடைத்தன, பன்கள் கிடைத்தன. டெய்லரம்மா லேசாகத் தையல் போட்டிருந்ததால் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. நொண்டிக் குதிரையை அவர் இன்னும் பல தடவை பார்க்க வேண்டியிருக்கும், பாவம்.

ஒரு நாவலில், அழிக்கும் அவசரத்தில் பளிச்சு கவனிக்காமல் விட்ட குறி ஒன்று எழுந்து வந்தது. நீளமாக, உருண்டையாக, நடுவில் ஒரு கோடு.

"இது என்ன, மாத்திரையா?" என்று கேட்டார் மாமா.

பளிச்சு மெதுவாகத் திரும்பி அத்தையைப் பார்த்தாள். அத்தைக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. இருமிக்கொண்டே தண்ணீர் குடிக்க வெளியே போனார்.

அடுத்த ஞாயிறு, அலமாரிக் கதவில் "புத்தகத்தில் கிறுக்கக் கூடாது" என்பதற்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது: "முப்பதாம் பக்கத்து மூலை தவிர."

மெக்கானிக் மாமா அந்த இரண்டு இலை நாவலை எடுத்துப் போனார். செய்தித்தாள் சுற்றவில்லை. படித்து முடித்துத் திருப்பிக் கொண்டுவந்தபோது நாற்காலியில் உட்கார்ந்து பளிச்சுவிடம் ஒரே புலம்பல்.

"அந்தப் பையன் இருக்கானே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறான்! அந்தப் பொண்ணு பேசிக்கிட்டே இருக்கு, இவன் 'ம், ம்'னு கேட்டுக்கிட்டே இருக்கான். எனக்கு வந்த கோபத்துக்கு..." அங்கே நிறுத்திவிட்டு, தானே சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கடைசியில பேசினானா மாமா?"

"பேசினான். லேட்டாத்தான் பேசினான். ஆனா பேசிட்டான்."

எழுந்து, அடுத்த இலை நாவலை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார். "எனக்குப் படம் வராதுன்னு சொன்னேன் இல்ல? ஆனா நானும் படிச்சதுக்கு ஒரு குறி வெச்சிருக்கேன், பாரு."

அவர் போனதும் பளிச்சு முப்பதாம் பக்கத்தைத் திறந்தாள். இரண்டு இலைக்கும் பக்கத்தில், வட்ட வட்டக் கோடுகளோடு, கன்னங்கரேலென்று ஒரு பெருவிரல் ரேகை. கார் எண்ணெய் மணம் வந்தது.

அது மாதிரி ஒரு கறையைப் பளிச்சு வாழ்க்கையில் பார்த்ததில்லை. கை தானாக ரப்பர் பக்கம் போனது. அந்த ரப்பரை எடுத்தாள், பென்சில் பெட்டிக்குள் போட்டு மூடினாள். பிறகு, கறை எதிர்ப் பக்கத்து எழுத்தில் ஒட்டிவிடக் கூடாதே என்று ஒரு வெள்ளைத் தாளை நடுவில் வைத்து, புத்தகத்தை அதனுடைய இடத்தில் அடுக்கினாள்.